காலால் கேட்டவள்

ஊரில் எல்லாப் புருஷனும் பெண்டாட்டியைக் கூப்பிட வாயைத் திறப்பான். சருகண்ணன் காலைத் தூக்குவார். வேலையிலிருந்து வந்து வாசலைத் தாண்டியதும், ரப்பர் அடி போட்ட பூட்ஸின் குதிகாலால் பலகைத் தரையில் இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னும் இரண்டு தட்டு. உள்ளறையில் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும் தையலக்கா மெஷினை நிறுத்தாமலே தலையை ஒரு ஆட்டு ஆட்டுவாள். வந்தது தெரிந்தது, கை காலைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காரலாம் என்று அதற்கு அர்த்தம்.

தையலக்காவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து காதைக் கொண்டுபோனது, பேச்சை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அந்தப் பேச்சுக்குத்தான் கடிவாளம் கிடையாது. தன் குரல் தனக்கே தெரியாதவளிடம் மெதுவாகப் பேசு என்று யார் போய்ச் சொல்வது? புருஷனிடம் அவள் சொல்லும் ரகசியம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே என்ன பேசுகிறார் என்று பிடித்துவிடுவாள். சட்டை தைக்கக் கொடுத்த அம்மாள் ஒருத்தி, அளவு பிடிக்காமல் போய், 'இவகிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்' என்று பக்கத்தில் நின்றவளிடம் முனகினாள். தையலக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “சங்கைத் தரையில வச்சு ஊதுங்கம்மா. எனக்கு நல்லாவே கேக்கும்.”

வாய்த்துடுக்குக்குச் சொன்னாலும் விஷயம் உண்மை. அது பழைய வீடு. மண்ணுக்கும் தரைக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு இடம் விட்டு, குறுக்குக் கட்டைகள் மேல் பலகை அடித்திருந்தார்கள். வீட்டுக்குள் அவள் எப்போதும் வெறுங்கால்தான். யார் படியேறினாலும் பலகை அவள் பாதத்துக்குச் சொல்லிவிடும். எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு முழங்கால் வலி, அதனால் ஓர் அடி கனமாக விழும், அடுத்தது பட்டும் படாமலும் விழும். கடனுக்குத் தைத்துத் தரக் கேட்டு வருகிறவர்கள் அடியைத் தயங்கித் தயங்கி வைப்பார்கள். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த நடுக்கத்துக்குள்ளிருந்து புருஷனின் தட்டை மட்டும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் தனியாகப் பொறுக்கி எடுத்துவிடுவாள்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆனதே அந்தத் தட்டால்தான். அப்போது அவள் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள், மாடியில், மரத்தளம். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் எல்லாரும் பின்னால் வந்து தோளைத் தொடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும், ஊசி விரலில் ஏறும். ஒருநாள் பூங்காவின் வேலைச் சட்டையோடு ஓர் ஆள், கிழிந்த பையைத் தைத்து வாங்க வந்தார். தோளைத் தொடவில்லை. கொஞ்சத் தூரத்திலேயே நின்று தரையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். அவள் பயப்படாமல் திரும்பினாள். பிறந்ததிலிருந்து யாரும் தன்னை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பை தைத்து முடியுமுன் மனசும் தைத்தாகிவிட்டது.

சருகண்ணன் பூங்காவில் சருகு பெருக்குகிறவர். அதுதான் பெயருக்குக் காரணம். நீளக் கம்பு போட்ட துடைப்பம், ஒரு சாக்கு, ஒரு தள்ளுவண்டி, இவ்வளவுதான் உத்தியோகம். பாதையையும் புல்வெளியையும் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். கிழக்கு வேலியோரம் புதருக்கடியில் மட்டும் சருகைத் தொடமாட்டார். மேற்பார்வையாளர் வந்து திட்டுவார், இவர் சரி சரி என்பார், மறுநாளும் தொடமாட்டார். அங்கேதான் ஓநாய்ச் சிலந்திகள் இருந்தன.

அந்தச் சிலந்தி வலை பின்னாது. வலையைக் கட்டிவிட்டு எவன் வந்து விழுவான் என்று தொங்கிக்கொண்டிருக்கிற ஜாதி இல்லை. மண்ணில் விரல் நுழையும் அளவு குழி தோண்டி, மண் சரியாமலிருக்க உள்ளே நூலால் பூசிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் குழி வாசலில் வந்து காலைப் பரப்பி உட்காரும். ஒரு பாச்சையோ தத்துக்கிளியோ பக்கத்தில் நடந்தால், அந்த நடை மண் வழியாக அதன் காலுக்கு வரும். அசையாது. இன்னும் கிட்டே வரட்டும் என்று பொறுத்திருந்து, ஒரே பாய்ச்சல். சில சமயம் குழியை விட்டு வெளியே வந்து புல்லுக்குள் ஓடி ஓடியும் வேட்டையாடும். நிறம் சருகு நிறம், சும்மா இருந்தால் சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இதையெல்லாம் சருகண்ணன் துடைப்பத்தில் மோவாயை ஊன்றிக்கொண்டு பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதே கதைதான்.

“அதுக்குக் காதே கிடையாது, தெரியுமா? காலாலதான் கேக்கும். உன்னை மாதிரியே.”

“கட்டின பொண்டாட்டியப் பூச்சின்னு சொல்ற முத ஆம்பள நீங்கதான்.”

“சிலந்தி பூச்சி இல்ல. பூச்சிக்கு ஆறு கால்.”

“ஆமா, இப்ப அதுதான் முக்கியம்!”

அவர் சிரித்துவிட்டு மேலே சொல்வார். பெண் சிலந்தியிடம் போக வேண்டுமென்றால் ஆண் சிலந்தி முதலில் சருகு மேல் தாளம் தட்ட வேண்டும். வருவது இரையா மாப்பிள்ளையா என்று பெண் அந்தத் தாளத்தை வைத்துத்தான் முடிவு பண்ணும்.

“தாளம் தப்பினா?”

“தப்பினா சாப்பாடுதான்.”

“அன்னைக்கு உங்க தாளம் தப்பியிருந்தா நானும் ஒரு வாய் பார்த்திருப்பேன்.”

ஒரு சாயங்காலம் அவளையும் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். டார்ச்சை நெற்றியோரமாகப் பிடித்துப் புல்வெளியில் அடித்தார். புல்லுக்குள் பனித்துளிபோல் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. பனி விழவே இல்லை. அத்தனையும் சிலந்திக் கண். தையலக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவளுக்குச் சிலந்தி என்றால் குலை நடுங்கும். கணவரின் சந்தோஷத்துக்காக ஒரு நிமிஷம் நின்றாள், அவ்வளவுதான்.

பூங்காவை ஒட்டிய வீடு, கீழே மண், மேலே இடுக்கு விட்ட பலகை. சிலந்திகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மழைக்காலத்தில் ஒன்றிரண்டு மேலே வரும். அவர் ஒரு தம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுவார். இப்படியே பல வருஷம் ஓடியது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் வேண்டிய மட்டும் பேசித் தீர்த்துவிட்டது, நாம் வேறு பேச வேண்டாம்.

அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். அவசரமாகக் கொடுக்க வேண்டிய ஒரு வெள்ளை கவுனை மடியில் பரப்பி அவள் கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். பலகை இடுக்கிலிருந்து ஒன்று ஏறி வந்தது. முதுகு சொரசொரவென்று வீங்கிப்போன மாதிரி இருந்தது. தம்ளருக்குப் போக நேரமில்லை. செருப்பை எடுத்து ஒரே போடாகப் போட்டாள். செருப்பைத் தூக்கியதும் அந்த முதுகு கலைந்தது. முதுகு முழுக்கக் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், கடுகைவிடச் சிறிதாக, நாலா பக்கமும் ஓடின. தரையில், வெள்ளைத் துணியில், அவள் கணுக்காலில். அவள் போட்ட சத்தம் பூங்காவரை கேட்டிருக்கிறது. சருகண்ணன் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

வந்தவர் முதலில் அவளைப் பார்க்கவில்லை. கீழே நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தார். அவர் உதடு அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“அடிப்பாவி... தாயாச்சே!”

நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சொல்லை எடுப்பது கத்தியை எடுத்த மாதிரி. அவர் சொன்னது சிலந்தியைப் பற்றி, அவள் மேல் விழுந்தது வேறு. அவள் முகம் மாறியதைப் பார்த்து அவர் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தார். அவள் உதட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது கேட்காதவளிடம் சண்டை போடுவதில் இது ஒரு கஷ்டம், அவள் திரும்பிக்கொண்டால் அத்தோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் அவளே ஆரம்பித்தாள். “இந்தப் பலகையப் பேத்துட்டு சிமெண்ட் போடுங்க. இல்லன்னா உங்க தாய் பிள்ளைங்களோட நீங்களே இருந்துக்குங்க.”

அவர் அவளுக்கு நேரே வந்து நின்றார். பிறகு, அவள் நன்றாகப் பார்க்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “பலகை போயிட்டா, நான் வர்றது உனக்குத் தெரியாதேம்மா.”

“நான் என்ன குருடியா? திரும்பிப் பாத்துக்குறேன்.”

கொத்தனார் வந்தார். பலகைகளைப் பெயர்த்தார், அடியில் கல்லும் மண்ணும் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார், மேலே சிமெண்ட் பூசி இழைத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். ஆனால் அப்போது தெரு முழுக்க வந்து பார்த்து, வழுவழுவென்று எவ்வளவு அழகு, பூச்சி பொட்டு அண்டாது என்று பாராட்டிவிட்டுப் போனது.

தரை காய்ந்து, மெஷினைப் போட்டு, முதல் தையல் ஓட்டியபோதே தையலக்காவுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கால் மரத்துப்போன மாதிரி இருந்தது. ஊசி ஏறி இறங்குவது கைக்குத் தெரிந்தது, காலுக்கு ஒன்றும் வரவில்லை. வீடே மூச்சை நிறுத்திக்கொண்டது போலிருந்தது. மத்தியானம் அவர் வந்து பழக்கதோஷத்தில் தட்டியிருக்கிறார். அவள் திரும்பவில்லை. பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார். ஊசி விரலில் ஏறியது. இத்தனை வருஷத்தில் அவர் கையால் பட்ட முதல் காயம் அதுதான்.

அப்போதாவது வாயைத் திறந்து, தப்புப் பண்ணிட்டேங்க, பலகையே போடுங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? சொல்லவில்லை. சண்டை போட்டு ஜெயித்த தரையாயிற்றே. அவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, வாசல் பக்கச் சுவரில் ஒரு சுவிட்ச் வைத்து, அவள் மெஷினுக்கு மேலே தொங்கும் பல்போடு இணைத்தார். வந்ததும் அழுத்துவார். பல்ப் இரண்டு தடவை சிமிட்டும், நிற்கும், மறுபடி இரண்டு தடவை சிமிட்டும்.

“இது அதைவிட நல்லாருக்கு” என்றாள் அவள். பொய்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. நாலு விரல் நீளம் தைப்பாள், கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்ப்பாள். மறுபடி நாலு விரல், மறுபடி திரும்பல். முன்பெல்லாம் முதுகுப்புறமும் அவளுக்குத் தெரிந்த இடமாக இருந்தது. இப்போது முதுகுக்குப் பின்னால் யார் நின்றாலும் தெரியாது. கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். காரணத்தை எதிர்வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடச் சட்டைகள் மொத்தமாக வந்திருந்த சமயம். அன்று காலையிலிருந்து காலர் வேலை. காலர் தைக்கும்போது கழுத்தைத் திருப்பினால் ஓரம் கோணிக்கொள்ளும். இரண்டைப் பிரித்துத் தைத்ததில் அலுத்துப்போய், இந்தக் குவியல் முடிகிறவரை திரும்புவதில்லை, வந்தால் பல்ப் சிமிட்டத்தானே போகிறது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். பல்ப் சிமிட்டவில்லை. குவியல் முடிந்தது. நிமிர்ந்து, கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டு திரும்பினாள்.

முன்னறையில், வாசலுக்கும் சுவிட்சுக்கும் நடுவில், சருகண்ணன் மல்லாந்து கிடந்தார். நெஞ்சுவலி என்று பூங்காவிலிருந்து சீக்கிரமே கிளம்பியிருக்கிறார். சுவிட்சு நின்றால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தாள், இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூடுதான் கொடுமை. அவள் கத்திய கத்தலில் தெருவே கூடியது.

“உடனே போயிருக்கும்மா. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றார் டாக்டர், அவள் உதட்டைப் படிக்கட்டும் என்று குனிந்து. வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பூ மாதிரிப் போய்விட்டார், கொடுத்து வைத்தவர் என்றார்கள். அவளும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரைக் கொண்டுபோய், எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

சாம்பல் நிறச் சிமெண்டில், அவர் குதிகால் கிடந்த இடத்தில், கறுப்பாக ரப்பர் கோடுகள். இரண்டு கோடு, கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. அதன்மேலேயே மறுபடி. அதன்மேலேயே மறுபடி. கடைசியில் இருந்தவை இழுபட்டு, மங்கி, தட்டக்கூட வலுவில்லாமல் தேய்த்தவையாக இருந்தன. அவர் உடனே போகவில்லை. கிடந்து கூப்பிட்டிருக்கிறார். அறைக்கு அந்தப் பக்கம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, அந்த முதுகுக்குத் தெரிந்த ஒரே பாஷையில், சிமெண்டில் அது எட்டாது என்று தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார். அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் மிதிக்காமலிருக்கக் கோடுகளுக்கு மேலே ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தாள். போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்ப்பாள். சில சமயம் பக்கத்தில் படுத்து, விரலால் அதன்மேல் தடவுவாள்.

எதிர்வீட்டு அக்கா தங்கமானவள். சோறு கொண்டுவந்து கொடுத்து, தலை வாரிவிட்டு, தூங்கவும் வைத்தாள். ஒரு மத்தியானம் தையலக்கா உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருக்கையில், பாவம், வீடு அழுக்காகக் கிடக்கிறதே என்று சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக முன்னறையைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். பலகையாக இருந்தால் முதல் தேய்ப்பிலேயே தையலக்கா எழுந்திருப்பாள். எழுந்து வந்தபோது தரை ஈரமாக, பளிச்சென்று இருந்தது.

“என்ன தங்கச்சி? ஏதோ கறுப்பா ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. லேசுல போகல, அழுத்தித் தேச்சேன்.”

“அது அழுக்கு இல்லக்கா” என்றாள் தையலக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. “அவர் என்னைக் கூப்பிட்டது.”

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மெஷினைத் திறக்கச் சில வாரங்கள் ஆயின. திறந்த பிறகும் தையல் ஓடவில்லை. நாலு விரல் தைப்பாள், திரும்புவாள். யாரும் இல்லை. நாலு விரல், திரும்புவாள். அவர் செத்துப்போனது மனசுக்குத் தெரிந்தது, கழுத்துக்குத் தெரியவில்லை. கடைசியில் மெஷினை மூடிவிட்டுப் போய்க் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“சிமெண்ட்டப் பேத்துட்டுப் பலகை போடணும், தம்பி.”

கொத்தனார் தலையைச் சொறிந்தார். “நல்ல தரைக்கா, நானே போட்டது. மறுபடி பலகைன்னா பூச்சியெல்லாம் வருமே?”

“வரட்டும்.”

“அதுக்கில்லக்கா. அண்ணன் இருந்தப்ப சரி. இனிமே யாரு வந்து தட்டி, நீங்க...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தையலக்கா அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்தத் தரையில உக்காந்தா அவர் வந்து பின்னால நிக்கிற மாதிரியே இருக்கு, தம்பி. நின்னு கூப்புடுற மாதிரி. திரும்பித் திரும்பிப் பாக்குறேன். பலகையா இருந்தா, வரலன்னு எனக்குத் தெரியும்ல?”

கொத்தனார் குனிந்து தரையை அளந்துகொண்டு போனார். மறுநாளே கடப்பாரையோடு வந்தார். பழைய பலகைகள் கொல்லையில்தான் அடுக்கிக் கிடந்தன. சருகண்ணன் அவற்றை விறகுக்குக்கூடத் தொடாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். எதற்காக வைத்திருந்தார் என்பது தார்ப்பாயை விலக்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. பலகை வேண்டுமென்று அவளே கேட்கட்டும் என்று அவர் காத்திருந்திருக்கிறார்.

பலகை போட்ட மறுநாள், மெஷினை ஜன்னலோரம் வைத்து வெறுங்காலோடு உட்கார்ந்தாள். ஊசியின் நடை பாதத்துக்கு வந்தது. ஓர் அடி கனம், ஓர் அடி லேசு, எதிர்வீட்டு அக்கா தட்டில் ஏதோ வைத்துவிட்டுப் போனாள். அவர் வரும் நேரம் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு பாதத்தையும் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் வரவில்லை.

அப்போதுதான் அழுதாள். அவர் போன அன்று கத்தியது வேறு. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. தன் அழுகையை அவளால் கேட்க முடியாது. ஆனால் நாற்காலி குலுங்கி, பலகை குலுங்கி, அது அவள் பாதத்துக்கே திரும்பி வந்தது.

சுவரோரம் இடுக்கிலிருந்து ஏறி வந்த ஒரு சிலந்தி, சருகு நிறத்தில், நடுத்தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழத் தொடங்கியதும் அது அப்படியே நின்றது. எட்டுக் காலையும் பரப்பிப் பலகையில் வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றது. தையலக்கா அதைப் பார்த்தாள். பக்கத்தில்தான் செருப்பு கிடந்தது. அதை அவள் எடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை அது அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.